அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

ஜூலை 3, வியாழன்

கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். ஆசிட் பட்ட நோட்டு, தொட்டால் கை வெந்துபோகும் என்று சொல்லிவைத்திருப்பதால் அம்மா இதைத் தொடமாட்டாள்.

"பயமா இருந்தா வாய மூடிக்கிட்டு இரு. அப்பா முன்னாடி மூஞ்சியக் காட்டாத" என்று அம்மா சொல்லிவிட்டாள். வாயை மூடிக்கொண்டேன். கை சும்மா இருக்கவில்லை. எல்லாரும் தூங்கட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன்.

இன்று பேச்சிமுத்து மாமா கோவில்பட்டியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவந்தார். சோப்பு டப்பாவுக்குள் அடங்கிவிடும் அளவு. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல படம் எங்க தெரியும்?" என்றாள். படம் தெரியாது, இது காருக்கு என்றேன். "படம் தெரியாத கம்ப்யூட்டர உன் மாமனைத் தவிர எவன் வாங்குவான்" என்றாள். மாமா அவளுடைய சொந்தத் தம்பி. அவர் முறுக்கு தின்றார்.

அப்பாவின் கார் பழைய அம்பாசடர். மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர். குடிதண்ணீர் வராது, கோயில் கொடை, ஜவுளிக்கடைத் தள்ளுபடி என்று ஊருக்கு எது தெரியவேண்டுமென்றாலும் அப்பா மைக்கைப் பிடித்துச் சொல்லிக்கொண்டே போவார். எல்லாவற்றையும்விட அதிகம் சாவுதான். யார் இறந்தாலும் அரை மணி நேரத்தில் வண்டியை எடுத்துவிடுவார். இருபத்து மூன்று வருஷமாக. கோமதிநாயகம் என்று அப்பா பெயரைச் சொன்னால் தபால்காரர்கூட யோசிப்பார். மைக்செட் நாயகம் என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

24ஆம் தேதி மதுரையில் அப்பாவுக்கு ஆபரேஷன். தொண்டையில் கட்டி. எடுத்துவிட்டால் சரியாகிவிடும், கொஞ்ச நாளைக்குப் பேசக் கூடாது, அவ்வளவுதான் என்று அம்மா சொல்கிறாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றால் இந்தக் கம்ப்யூட்டர் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

நாள் முழுக்க வயர். மாமா காரின் டேஷ்போர்டைக் கழற்றி முற்றத்தில் போட்டார். இருபத்தோரு ஸ்க்ரூ. மாட்டும்போது பதினேழு இருந்தது. "நாலு எக்ஸ்ட்ரா போட்டிருந்திருக்கான்" என்றார்.

ஆம்ப்ளிஃபயர் டேஷ்போர்டுக்குக் கீழே, கம்ப்யூட்டர் அதற்குப் பக்கத்துப் பெட்டிக்குள். அதிலிருந்து ஒரு நீள வயர் பின் சீட்டுக்கு. அதன் முனையில் எண் அழுத்தும் சின்னக் கீபோர்டு. மைக்குக்கும் பின் சீட்டு வரை வயர். நான் எண்ணை அழுத்தினால் அப்பாவின் குரல் வரவேண்டும். அதுதான் திட்டம்.

காரை ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ஒரு தடவை செத்து, மறுபடி எழுகிறது. பேட்டரிக்கு வயசாகிவிட்டது. மாமாவிடம் காட்டினேன்.

"அதான் உயிர் வந்துருச்சே, விடு."

"ஒவ்வொரு தடவையும் இப்படிக் கரண்டு போனா மெமரி கார்டு கெட்டுரும் மாமா. மொறையா அணைச்சுட்டுத்தான் வயர உருவணும்."

"சரிட்டி டாக்டரு" என்று சொல்லிவிட்டு வயரை உருவினார். நாலு தடவை சொன்னேன், நாலு தடவையும் உருவினார்.

எஞ்சினோடு சேர்ந்து ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் வேறு. ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் உயர்கிறது. ஒரு கிரைண்டர் அழுகிற மாதிரி.

ஜூலை 6, ஞாயிறு

பதிவு ஆரம்பம், என் போனில். வீட்டுக்குள் முடியாது. பக்கத்து வீட்டு மிக்ஸி, கோழி, அம்மா. அதனால் காருக்குள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்கெல்லாம் கம்பளியைக் கட்டிக்கொண்டு. ஜூலை மாத மதியம். பத்து நிமிஷத்தில் என் சட்டை நனைந்துவிட்டது. அப்பா வெந்நீர் ஃபிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே எனக்கு வேர்த்தது.

முதலில் சாவு. ஒரே வார்த்தை போதும் என்று நினைத்திருந்தேன். "காலமானார்" என்று ஒன்று பதிந்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் அப்பா என்னை முறைத்தார்.

"எல்லாருக்கும் ஒண்ணேதானாட்டி? சைவப் பிள்ளைமாருக்குச் சிவலோக பதவி அடைந்தார். நாயக்கமாருக்கு வைகுண்ட பதவி. வேதக்காரங்களுக்குக் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். சாயபு வீட்டுக்கு வஃபாத் ஆனார். கட்சிக்காரன்னா இயற்கை எய்தினார். மாத்திச் சொன்னா கல்லெடுத்து எறிவாங்க."

"அப்போ காலமானார் யாருக்கு?"

"வம்பு வேணாங்கிறவங்களுக்கு."

பிறகு கிழமைகள், நேரங்கள், தெருக்கள். நடுநடுவே இருமல். இருமல் வந்தால் நிறுத்தி, அழித்து, முதலிலிருந்து. "வியாழக்கிழமை" என்ற ஒரே வார்த்தைக்கு ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை எனக்குக் கோபம் வந்து, "அப்பா, கொஞ்சம் அடக்குங்களேன்" என்றேன்.

அவர் அடக்கிக்கொண்டு சொன்னார். அது நன்றாக வந்தது.

ஜூலை 9, புதன்

இரைச்சல் இன்னும் போகவில்லை. மாமா எர்த் சரியில்லை என்கிறார். மூன்று நாளாக அதையேதான் சொல்கிறார்.

ஜூலை 12, சனி

பெயர்கள். வாக்காளர் பட்டியலை வாங்கிவந்து, ஒன்றாம் வார்டு ஒன்றாம் எண் வீட்டிலிருந்து வரிசையாகப் போகிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு பெரியவர். யார் எப்போது போவார்கள் என்று தெரியாதே, அதனால் எல்லாரும் வேண்டும் என்கிறார் அப்பா. உயிரோடு இருக்கிறவர்களை இப்படி வரிசையாகச் சொல்லிப் பதிவது எனக்கு என்னவோபோல இருந்தது. அவருக்கு இல்லை.

பட்டியலில் இருக்கிற பெயர் உதவாதாம். "சண்முகசுந்தரம்னு சொன்னா எவனுக்குத் தெரியும்? தவிட்டுக்கடை சண்முகம்னு போடு." அப்படியே ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர். சிலருடைய பட்டப்பெயரைச் சாவில் சொல்ல முடியாது. 'ஆந்தை' ராமையா வந்ததும் அப்பா யோசித்தார். "ஆந்தைன்னு சொல்லலேன்னா கூட்டம் வராது. சொன்னா அவன் மவன் என்னை அடிப்பான்." கடைசியில் மேலத்தெரு ராமையா என்று பதிந்தோம். கூட்டம் வராதுதான், பரவாயில்லை என்றார்.

போன் மெமரி நிறைந்துவிட்டது. பதிந்ததையெல்லாம் கம்ப்யூட்டர் கார்டுக்கு மாற்றிவிட்டு போனில் அழித்தேன். மாமாவின் பென்டிரைவில் இன்னொரு பிரதி எடுக்கவேண்டும். அதில் அவர் படம் ஏற்றி வைத்திருக்கிறாராம், பார்த்து முடித்துவிட்டுத் தருவாராம்.

அப்பாவின் கைக்குட்டையில் சிவப்பு. வெற்றிலையாக இருக்கும். அப்பா வெற்றிலையை விட்டு மூன்று வருஷமாகிறது.

ஜூலை 15, செவ்வாய்

பள்ளிக்கூடம், கெமிஸ்ட்ரி டெஸ்ட், வீட்டுக்கு வந்து எழுபது பெயர். டெஸ்டில் பதினெட்டு மார்க். ஐம்பதுக்கு. அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

அறுநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். பட்டியல் முடிந்தது. கடைசிப் பெயரைச் சொன்னதும் அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்தார். பாதிக் குரல்தான் வருகிறது இப்போது. ஆனால் பதிவானதைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. மைக் என்றால் எங்கிருந்தோ கொண்டுவந்துவிடுகிறார்.

"சாவியப் போட்டதும் பெட்டி அதுபாட்டுக்கு எந்திரிக்கணும். உங்க மாமன் கை வைக்கிற வேலையே இருக்கக் கூடாது" என்றார். செய்துவிட்டேன். சத்தம் வருகிறதா என்று சோதிக்க, எழுந்ததும் முதல் பெயருக்கு ஒரு முழு அறிவிப்பைத் தானே சொல்லும்படி எழுதினேன். நாளைக்கு ஊருக்குள் கொண்டுபோய்ப் பார்க்கலாம். அதற்கு முன் அந்தச் சோதனையை எடுத்துவிடவேண்டும்.

ஜூலை 19, சனி

எடுக்க மறந்துவிட்டேன்.

காலை பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டு எதிரே வண்டியை நிறுத்தியிருந்தோம். அப்பா வீட்டில் படுத்திருந்தார். மாமா டீ குடித்துவிட்டு வந்து காரை ஸ்டார்ட் பண்ணினார். கம்ப்யூட்டர் செத்து எழுந்தது. அப்பாவின் குரல் பஸ் ஸ்டாண்டு முழுக்க முழங்கியது: "கொட்டகை அங்குசாமி அவர்கள் இன்று காலமானார். அன்னாரது இறுதி ஊர்வலம் மாலை நான்கு மணிக்கு அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும்."

ஒன்றாம் வார்டு ஒன்றாம் எண் வீடு. அங்குசாமி அண்ணாச்சி பழைய சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டியவர். டீக்கடை பெஞ்சில் கையில் வடையோடு உட்கார்ந்திருந்தார்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு டீக்கடைக்காரர், "அண்ணாச்சி, நாலு மணிக்கு எடுக்காகளாம்" என்றார்.

"நேரம் கெடக்கு. வடையத் தின்னுக்கிடுதேன்" என்றார் அவர்.

மறுபடி ஆரம்பித்தது. "கொட்டகை அங்குசாமி அவர்கள்..." எண்ணை அழுத்தினேன், நிற்கவில்லை. தெருமுனையிலிருந்து அவர் வீட்டுக்கார அம்மா செருப்பில்லாமல், தலையில் அடித்துக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. முன் சீட்டுக்குத் தாவி, கம்ப்யூட்டர் வயரைப் பிடித்து அப்படியே உருவிவிட்டேன்.

சத்தம் நின்றது. அந்த அம்மா புருஷனைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "வீட்டுல இட்லி வச்சிருக்கேன், இங்க என்ன வடை?" என்று ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரிக்கிற மாதிரி இருந்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டினேன். எழவில்லை. கார்டைக் கழற்றி மாமா போனில் போட்டேன். காலி என்கிறது. காலி கூட இல்லை, அப்படி ஒரு கார்டே இல்லை என்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் அங்குசாமி அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்து, "பிள்ள தெரியாமப் பண்ணிட்டா அண்ணாச்சி" என்றாள்.

"அது கெடக்கட்டும்மா. செத்தப்புறம் எப்படிச் சொல்லுவான்னு உசுரோட கேக்குற பாக்கியம் எவனுக்குக் கெடைக்கும்?" என்று சொல்லிவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "ஆனா நாயகம், இருபத்தெட்டு வருசம் புரொஜெக்டர் ஓட்டுனவன் நான். கொட்டகைங்கிறியே. கொட்டகையக் கூட்டுனவன்னுல்லா நெனைப்பான். ஆப்பரேட்டர் அங்குசாமின்னு மாத்துடே."

அப்பா சிரித்தார். சத்தமில்லாமல், தோள்மட்டும் குலுங்க. "நாளைக்கு மாத்திருதேன்" என்றார். என்னைக் காட்டி, "எல்லாம் இவ பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. நாளைக்கு அந்த ஒண்ணு. அம்புட்டுத்தான். வேலை முடிஞ்சுது" என்றார்.

அதற்கப்புறம் நாள் முழுக்க அப்பா பேசவில்லை. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். எனக்கு அந்த நிம்மதியைப் பார்க்க முடியவில்லை. மாமா வந்து பென்டிரைவை நீட்டினார். படம் பார்த்து முடித்துவிட்டாராம். நன்றாக இல்லையாம்.

ஜூலை 21, திங்கள்

பள்ளிக்கூடத்துக்கு என்று கிளம்பி கோவில்பட்டி பஸ் ஏறினேன். முதல் தடவை இப்படிச் செய்கிறேன். மூன்று கடை. முதல் கடையில் கார்டைத் தேய்த்துப் பார்த்தான். இரண்டாவது கடையில், "போட்டோவா? கல்யாணமா?" என்றான். குரல் என்றேன். "குரல்தானே, மறுபடி பேசச் சொல்லு" என்றான். மூன்றாவது கடைக்காரர் ஒரு மணி நேரம் மெனக்கெட்டார். வயரை உருவினாயா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தால் அப்பா காருக்குள் தயாராக உட்கார்ந்திருக்கிறார். ஃபிளாஸ்க், கம்பளி எல்லாம் கட்டி. நாளைக்குக் காலை ஐந்து மணி பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம்.

"அந்த ஆப்பரேட்டர மட்டும் போட்டுருவோம், வா."

பின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சொல்லிவிட்டேன். எல்லாம் போய்விட்டது, பெயர், கிழமை, தெரு, எல்லாம்.

அப்பா திரும்பவில்லை. கண்ணாடியில் அவர் முகத்தின் மேல்பாதி தெரிந்தது. அதைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்போ?"

"சனிக்கிழமை."

"ரெண்டு நாளா வச்சிருந்திருக்க." கொஞ்சம் மூச்சு விட்டு, "நேத்து தொண்டை நல்லாருந்துச்சுட்டி" என்றார்.

அடித்திருந்தால் பரவாயில்லை.

காருக்குள் கொதித்தது. பிறகு அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன்.

"அறுநூத்துப் பன்னெண்டு பேரும் பொழைச்சுக்கிட்டாங்க, போ" என்றார்.

ஐம்பது முக்கியமான பெயர்களையாவது பதிவோம் என்று சொன்னேன். வயசானவர்கள், நோயாளிகள். என் தப்புக்குப் பரிகாரமாக ஒரு பட்டியல்கூடப் போட்டு வைத்திருந்தேன். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பேரு வேண்டாம். எவன் செத்தாலும் வீட்டுல ஒரு ஆள் இருக்கும். பேர அவங்க சொல்லட்டும். மத்ததச் சொல்ல அவங்களுக்கு வராது. அத நான் சொல்லுதேன்."

அம்மா கதவைத் திறந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் பேசியதைக் கேட்டிருக்கிறாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அப்பா ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்று முடிந்ததும் அம்மா "போதும்" என்பாள். அவர் அடுத்ததைச் சொல்வார். காலமானார். போதும். சிவலோக பதவி அடைந்தார். போதும். இன்று. போதும். நாளை. போதும்.

நாற்பத்தோரு துண்டு. நாற்பத்திரண்டாவது "அனைவரும்" என்று தொடங்கியது, காற்றுதான் வந்தது. மூன்று தடவை முயன்றார். அப்புறம் ஃபிளாஸ்கை மூடினார்.

போனில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, புதுக் கார்டில் ஒன்று, மாமா போனில் ஒன்று என்று வைத்துவிட்டேன். ஒன்பது இடத்தில் அம்மாவின் "போதும்" சேர்ந்து பதிவாகியிருந்தது. வெட்டி எடுத்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம். கோவில்பட்டியில் இறங்கி அடுத்த பஸ் ஏறும்போது கண்டக்டர் எங்கே என்று கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா "மதுரை" என்றாள்.

ஜூலை 24, வியாழன்

ஏழு மணி நேரம்.

ஜூலை 27, ஞாயிறு

அப்பா கழுத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதன் வழியாகத்தான் மூச்சு. அதை எழுதிவிட்டேன். இனி எழுதாமல் இருந்து பிரயோஜனமில்லை.

சிலேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். முதலில் எழுதியது: "மாமனிடம் காரைத் தொட வேண்டாம் என்று சொல்."

ஆகஸ்ட் 9, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். அப்பா காரைத் துடைத்தார். கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டேன். கையை ஆட்டி வேண்டாம் என்றார். ஒரு தடவை இல்லை, நான் கேட்ட மூன்று தடவையும்.

அந்தக் குரலை அவர் கேட்கவே மாட்டாரோ என்று பயமாக இருக்கிறது. கேட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்றும் பயமாக இருக்கிறது. இரண்டில் எது என்று எனக்கே தெரியாமல் எரிச்சலாக வருகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை எட்டு மணிக்கு இசக்கிராஜ் அண்ணாச்சி வந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறவர். அவருடைய அம்மா பிச்சம்மாள், தள்ளுவண்டியில் கோலப்பொடி விற்பவள், நேற்று இறந்துவிட்டாள். ராத்திரி பஸ்ஸில் வந்தவர் முகம்கூடக் கழுவவில்லை. அப்பாவைப் பார்த்ததும், கழுத்துத் துணியைப் பார்த்ததும், "தெரியாம வந்துட்டேன், இருக்கட்டும்" என்று திரும்பினார். அப்பா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுச் சட்டையை எடுத்துப் போட்டார். அம்மா தடுக்கப் பார்த்தாள். பலிக்கவில்லை.

மாமா ஓட்ட, அப்பா நடுவில், இசக்கிராஜ் அண்ணாச்சி ஜன்னலோரம், நான் பின்னால். மைக்கைக் கொடுத்து, பெயரை மட்டும் சொல்லுங்கள், அது பதிவாகிவிடும், மற்றது அப்பா குரலில் தானாக வரும் என்றேன்.

"எங்கம்மா" என்றார். நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, பேரச் சொல்லணும். தெருவையும்."

"எங்கம்மா" என்றார் மறுபடி. மூன்றாவது தடவையும் அதுவேதான். நாற்பது வயசு இருக்கும் அவருக்கு. ஊர்வலம் பன்னிரண்டு மணிக்கு. எனக்குக் கத்தவேண்டும்போல இருந்தது. அப்பா மைக்கை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, போடு என்று எனக்குச் சைகை காட்டினார். பெயரில்லாமல் எப்படி என்றேன். போடு என்றார் மறுபடியும் கையால்.

கிளம்பும் முன்பே ஆம்ப்ளிஃபயரைப் பாதிக்குமேல் குறைத்து வைத்திருந்தேன். அப்பாவுக்காக. முதல் தெருவில் அழுத்தினேன். "எங்கம்மா" என்று அவர் குரலில் வந்தது. பிறகு, "நேற்று காலமானார்" என்று அப்பாவின் குரல். அப்பாவின் பின்கழுத்தைப் பார்த்தேன். அசையவில்லை.

பெயரில்லாத சாவு என்றால் என்ன ஆகும்? வீட்டுக்கு வீடு ஆள் வெளியே வந்து வண்டியை மறித்தார்கள்.

"யாரு அம்மா? ஏ மைக்செட்டு, யாரு?"

மாமா நிறுத்தினார். அப்பாவால் சொல்ல முடியாது. நான் வாயைத் திறந்தேன், அப்பா திரும்பாமலே கையை உயர்த்தினார். இசக்கிராஜ் அண்ணாச்சி ஜன்னல் வழியாக, "எங்கம்மாதான் மதினி. பிச்சம்மா" என்றார்.

"கோலப்பொடி பிச்சம்மாவா? முந்தாநாள்கூட எனக்கு ரெண்டு படி அளந்தாளே. குறைச்சு அளக்காளேன்னு வஞ்சேனே."

ஒவ்வொரு தெருவிலும் இதே கதை. நிறுத்து, சொல்லு, கேள். இரண்டாவது தெருவில் நாலு இடத்தில் நின்றோம். அப்பா மட்டும் இருந்தால் இதற்குள் ஊரையே சுற்றி முடித்திருப்பார். ஒரு கிழவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு, பிச்சம்மா கடன் கேட்டால் கோலப்பொடியை முகத்தில் எறிந்துவிடுவாள் என்று சொன்னார். அண்ணாச்சி சிரித்தார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான்காவது தெருவில், நான் எண்ணை அழுத்துவதற்குள் அவரே மைக்கை எடுத்தார்.

"சந்தைத் தெரு கோலப்பொடி பிச்சம்மா" என்றார். "எங்கம்மா."

என் பக்கம் பார்த்தார். அழுத்தினேன்.

"நேற்று காலமானார். அன்னாரது இறுதி ஊர்வலம் இன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும்."

ஒரு வீட்டு வாசலில் இருந்த பெண், "என்னட்டி, ஒண்ணும் கேக்கல" என்றாள்.

அப்பா முன்னால் குனிந்தார். நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டு, சத்தத்தைக் கூட்டினார். எப்போதும் வைக்கிற அளவுக்கு. பிறகு என் பக்கம் ஒரு விரலைக் காட்டினார், மறுபடி போடு என்று.